எழுத்தெண்ணிப் பெறும் சொல்

1

நன்றாகப் படித்தவனை ‘எழுத்தெண்ணிப் படித்தவன்’ என்று சொல்வது நம் வழக்கம். பாராட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால் ஒருவனை எழுத்தெண்ணி எழுதுகிறவன் என்று சொன்னால் நம் வட்டாரத்தில் அது வசையாகிவிடும். எண்ணிப் படிப்பது சிரத்தை, எண்ணி எழுதுவது போலி என்ற இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை. யாப்பு, புதுக்கவிதை என்று நடந்த சண்டைகளில் பாதி இந்தக் கேள்வியைத் தொடாமலே நடந்து ஓய்ந்தும் போயின.

பிரச்னையை அதன் மிகச் சிறிய உருவத்தில் எடுத்துக்கொள்கிறேன். இத்தனை எழுத்து, இன்ன எழுத்து இன்ன இடத்தில், சொல் என்ன? குறுக்கெழுத்துப் போடுகிறவன் கேட்பது இதுதான். கட்டளைக் கலித்துறை எழுதுகிறவனும், சித்திரகவி செய்கிறவனும், விண்ணப்பப் படிவத்தில் பெயர் நிரப்புகிறவனும் வேறு வேறு நிர்ப்பந்தங்களில் இதையேதான் கேட்டுக்கொள்கிறார்கள். பொருளிலிருந்து சொல்லுக்குப் போவதே இயல்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இங்கே அளவிலிருந்து சொல்லுக்குப் போகிறார்கள். அப்படிக் கிடைத்த சொல் யாருடைய சொல்? அது சொல்வதற்கு யார் ஜவாப்தாரி? உத்தி பற்றிய கேள்வி போலத் தோன்றும். எனக்கு இது தார்மிகக் கேள்வியாகவே படுகிறது.

2

எண்ணுவதற்கு முன்னால், எதை எழுத்து என்று எண்ணுகிறோம் என்று பார்க்கவேண்டும். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், கடலும் உவர்நீர் ஏரியும் முகத்துவாரத்தில் கலக்கும் இடத்தில், பழவேற்காடு இருக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது அந்த ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கிறது. நான் இப்போது எடுத்துக்கொள்வது ஏரியை அல்ல, பெயரை மட்டும்.

பழவேற்காடு எத்தனை எழுத்து? பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால் 6 என்பான். குறுக்கெழுத்துக்காரனுக்கும் ஆறு கட்டம் வேண்டும். கட்டளைக் கலித்துறைப் புலவனைக் கேட்டால் புள்ளி வைத்த எழுத்தைக் கழித்துவிட்டு 5 என்பான். கணிப்பொறியைக் கேட்டால் 10 என்கிறது. 1991-லிருந்து வழங்கும் யூனிகோடு முறையில் தமிழ் உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறிகளாகப் பதிவாகிறது. புள்ளியும் ஒரு தனிக் குறி. ஆங்கிலத்தில் ஒலிக்கேற்ப எழுதினால் 12. அதே ஆங்கிலத்தில் புலிகாட் என்று எழுதினால் 7.

ஒரே ஊருக்கு ஐந்து நீளங்கள். எதையும் பொய் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை என்பது கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய விஷயம், பொருள்தான் ஆளுக்கு ஆள் மாறும் என்று ஒரு நம்பிக்கை நமக்கு இருக்கிறது. வாஸ்தவம் வேறாக இருக்கிறது. எது எண்ணத்தக்கது, எது எண்ணத் தகாதது என்று யாரோ முன்னாலேயே தீர்மானித்த பிறகுதான் எண்ணிக்கையே ஆரம்பமாகிறது. புள்ளி எழுத்து செய்யுளில் கணக்குக்கு வராதது ஓசையின் நியாயம். ழகரம் புலிகாட்டில் வராமல் போனது வேறு நியாயம். போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், 1825-ல் ஊர் ஆங்கிலேயரிடம் நிலையாகப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவரும் தம் நாக்குக்கும் தம் கணக்குப் புத்தகத்துக்கும் ஏற்ற அளவில் ஒரு பெயரைக் கண்டெடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் ஊரையும் விட்டுப் போய்விட்டது. இங்கிருந்து ஏற்றுமதியான வண்ணத் துணியை வைத்து, ஆங்கில அகராதியில் அது ஒரு வகைக் கைக்குட்டைக்குப் பெயராக நிற்கிறது.

ஆக, சொல்லின் நீளம் என்பது தற்செயல் அல்ல. அதன் பின்னால் ஒருவனுடைய தேவை இருக்கிறது. யாருடைய தேவை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

3

குறுக்கெழுத்தை எடுத்துக்கொள்வோம். 1913 டிசம்பர் 21-ந் தேதி ஆர்தர் வின் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட புதிர் இது. இருபது வருஷத்துக்குள் தமிழ்ப் பத்திரிகைகள் வரை வந்து, பரிசுப் போட்டியாகி, வீட்டுக்கு வீடு பென்சிலோடு உட்கார வைத்துவிட்டது. நானே ஒரு குறிப்பு தருகிறேன். மூன்றெழுத்து, கடைசி இரண்டு ‘டல்’, மீனவன் நம்பியிருப்பது.

கடல் என்று உடனே எழுதிவிடுவோம். உடல் என்றும் எழுதலாம். உடம்பு விழுந்துவிட்டால் கடல் இருந்து பிரயோஜனம் இல்லை. குடல் என்றால் சற்று விரசமாக இருந்தாலும், அவனை விடியுமுன்னே எழுப்பித் தண்ணீரில் தள்ளுவது அதுதான். தேடல் என்பவன் கொஞ்சம் தத்துவக்காரன். திடல் என்பவன் மீன் காயப்போட இடம் இல்லாத குப்பத்தைப் பார்த்தவனாக இருக்கலாம். ஐந்தும் கட்டத்தில் பொருந்துகின்றன. ஐந்தும் குறிப்புக்கும் ஒத்து வருகின்றன. ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் முத்திரையிட்ட உறையில் ஒரே ஒரு விடை இருக்கிறது. பரிசு அதற்குத்தான்.

இந்தச் சங்கடத்தை நம் இலக்கியக்காரர்களுக்கு முன்பே நம் சட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1955-ல் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை நிறைவேற்றியது. எழுத்து, சொல், எண் ஆகியவற்றைக் கோத்தும் அடுக்கியும் மாற்றியும் விடை காணும் புதிருக்குப் பரிசு கொடுத்தால் அது அந்தச் சட்டத்துக்குள் வரும். மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதற்குள் நடத்தினாலும் லைசென்ஸ் வேண்டும், ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பங்களுக்கு மேல் கூடாது. 1957-ல் சாமர்பாக்வாலா வழக்கில் சுப்ரீம் கோர்ட், இந்தச் சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கே பொருந்தும், கணிசமான அளவு திறமையால் வெல்லக்கூடிய போட்டிகளுக்குப் பொருந்தாது என்று தீர்த்தது.

திறமை, அதிர்ஷ்டம் என்ற இந்தப் பிரிவு ஒரு கோர்ட்டுக்குப் போதும். விமரிசகனுக்குப் போதாது. மூன்றெழுத்தில் ‘டல்’ என்று முடியும் சொற்களைத் திரட்டுவது திறமை. திரட்டிய ஐந்தில் உறைக்குள் இருப்பதை ஊகிப்பது அதிர்ஷ்டம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ஐந்தில் எது இந்த இடத்துக்கு உரியது என்று தானே நிர்ணயித்து, அதற்குத் தானே பொறுப்பேற்பது. போட்டியில் இதற்கு இடம் இல்லை, ஏனெனில் அந்த நிர்ணயத்தை வேறொருவன் செய்து உறையில் வைத்து ஒட்டிவிட்டான். கவிதையில் உறை கிடையாது. பொருத்தம் வேறு, உரிமை வேறு. பொருந்துவதை அளவு காட்டிக்கொடுக்கும். உரியதைக் காட்டிக்கொடுக்க அளவால் முடியாது.

4

இதைச் சொன்னதும் யாப்பை எதிர்ப்பவர்கள் என்னைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளக்கூடும். அவசரப்பட வேண்டாம். கட்டளைக் கலித்துறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். திருக்கோவையாரும் கந்தரலங்காரமும் அபிராமி அந்தாதியும் இந்த யாப்பு. அடிக்கு ஐந்து சீர். ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. தமிழில் அளவுக்கு இதைவிடக் கறாரான பிரசித்தமான வடிவம் இல்லை என்றே சொல்லலாம். புலவன் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு சொல் தேடினான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்படி இல்லை. அடிக்குள் வெண்டளை வழுவாமல் ஓடவேண்டும்: மாச்சீருக்குப் பின் நிரை, விளச்சீருக்குப் பின் நேர். நேருக்கு ஓர் எழுத்து, நிரைக்கு இரண்டு. எனவே ஒரு சீரின் கடைசி அசையும் அடுத்த சீரின் முதல் அசையும் சேர்ந்தால் எப்போதும் 3 எழுத்து. ஓர் அடியில் இப்படிப்பட்ட சந்திப்பு நான்கு, ஆக 12. கடைசிச் சீர் விளங்காய் என்பது விதி. அதில் மிஞ்சிய இரண்டு அசைகளுக்கு 3. மொத்தம் 15. அடியின் முதல் அசை நேரானால் 1 கூடி 16. நிரையானால் 2 கூடி 17. இடையில் மாங்காய்ச் சீர் வந்தாலும் கணக்கு மாறுவதில்லை. விளங்காய் வந்தால் மாறும். அதனால்தான் முதல் நான்கு இடங்களில் அதற்கு அனுமதி இல்லை.

அதாவது எண்ணிக்கை விதி அல்ல, விளைவு. ஓசை சரியாக ஓடினால் எண்ணிக்கை தானாக வந்து சேரும். எண்ணிப் பார்ப்பது பின்னால் வருகிற பரிசோதகனுடைய வேலை. பாடியவன் ஓசைக்குள் நின்றான்; அவனுடைய கட்டுப்பாடு அவனுக்கு உள்ளே இருந்தது. வெளியே நின்று பார்க்கிற நாம் அதைக் கட்டமாகப் பார்க்கிறோம். யாப்பு செத்துப்போயிற்று என்று சொல்வதில் நியாயம் உண்டென்றால் அது இதுதான்: ஓசை நம் காதிலிருந்து போய்விட்டது, எண்ணிக்கை மட்டும் கையில் மிஞ்சியிருக்கிறது. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எழுதுகிறவன் உறைக்குள் உள்ள விடையை ஊகிக்கிறவனைப் போலத்தான்.

சித்திரகவி வேறு ஜாதி. நிரோட்டகம் என்று ஒன்று உண்டு. இதழ் குவியவோ ஒட்டவோ கூடாது: உ, ஊ, ஒ, ஓ, ஔ என்ற உயிர்கள் கூடாது, ப, ம, வ கூடாது. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் மேல் இப்படி ஓர் அந்தாதியே பாடியிருக்கிறார், அதிலும் யமகம் சேர்த்து. சாமர்த்தியம் அசாத்தியமானது. ஆனால் இந்த விதியை எடுத்துக்கொண்டு ஒருவன் பழவேற்காட்டுக் குப்பத்துக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரி சொல்லலாம், கடல் சொல்லலாம், அலை, கரை, இறால் எல்லாம் சொல்லலாம். மீன் சொல்ல முடியாது. வலை சொல்ல முடியாது. படகு, பசி, அம்மா, குப்பம், எதுவும் சொல்ல முடியாது. ஊரின் பெயரையே சொல்ல முடியாது. அழகான நீர்க்காட்சி ஒன்று கிடைக்கும்; அதில் ஆள் இருக்கமாட்டான். விதி எதையும் பொய்யாகச் சொல்ல வைக்கவில்லை. சொல்லாமல் விட வைத்தது. சொல்லாமல் விட்டதற்கும் எழுதுகிறவன்தான் ஜவாப்தாரி என்பது என் கட்சி.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தண்டியின் தசகுமார சரிதத்தில் மந்திரகுப்தன் தன் கதை முழுவதையும் இதழொட்டும் எழுத்து இல்லாமல் சொல்கிறான்; காதலி கடித்த உதடு வலிக்கிறது என்பது காரணம். விளையாட்டுத்தான், ஆனால் விதிக்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கிறது. ஜார்ஜ் பெரெக் என்ற பிரெஞ்சுக்காரர் 1969-ல் ‘ஈ’ என்ற எழுத்தே இல்லாமல் ஒரு நாவல் எழுதினார். பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்து அது. அவருடைய தகப்பனார் 1940-ல் யுத்தத்தில் இறந்தார். தாயார் 1943-ல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பவில்லை. நாவலில் எதுவோ காணாமற்போய்விட்டது. அது என்னவென்று பாத்திரங்களால் சொல்லவே முடியவில்லை. இங்கே விதி காயத்தின் வடிவமாக இருக்கிறது. காயமே இல்லாதவன் அதே விதியை எடுத்துக்கொண்டால் அது கழைக்கூத்து.

5

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறாலுக்கு வலை கட்டத் தகுந்த இடங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் இல்லை. முகத்துவாரத்தை ஒட்டி, நீர் வரத்து நன்றாக உள்ள சில இடங்களே உண்டு. எல்லாரும் போட்டால் யாருக்கும் கிடைக்காது. எனவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற குப்பங்களின் பட்டினவர்கள் சீட்டுப் போட்டு இடத்தையும் நாளையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தலைக்கட்டுக் கணக்கில் உரிமை. முறை வைத்துச் சுழற்சி. இன்று நல்ல இடம் விழுந்தவனுக்கு இன்னொரு நாள் மட்டமான இடம். நீர்கொழும்புக் களப்பிலும் சீட்டெடுத்து முறை வகுக்கும் கட்டுவலை மீன்பிடிப்பு உண்டு.

எழுத்தெண்ணிச் சொல் தேடுகிறவனுக்கும் இவனுக்கும் ஒற்றுமை தெளிவு. இன்ன இடம், இன்ன நாள், இவ்வளவு நேரம். அதற்குள் கிடைப்பதுதான் அவனுக்கு. ஆனாலும் அவனை யாரும் சூதாடி என்று சொல்லமாட்டார்கள். சீட்டு அதிர்ஷ்டம், வலை கட்டுவது திறமை என்று சுப்ரீம் கோர்ட் பாணியில் பிரித்தாலும் மையம் நழுவிவிடும். அங்கே மையம் சுழற்சி. விதியைச் செய்தவன் விதிக்குள்ளேயே நிற்கிறான். அது அவனுக்கும் விழும், அவன் தம்பிக்கும் விழும். பாடு என்ற சொல்லே முறையையும் கஷ்டத்தையும் ஒருங்கே சொல்கிறது.

இந்த ஏற்பாட்டைத் தெய்வமாக்க நான் தயாரில்லை. ஏனெனில் தலைக்கட்டுக் கணக்கு என்றால் தலைக்கட்டில் சேராதவன் ஒருவன் இருக்கிறான். அதே ஏரியில் இருளர்கள் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பாடு இல்லை, சீட்டு இல்லை, கட்டம் இல்லை. நம்மில் ஒரு சாரார் விடுதலை என்று கொண்டாடுவது இந்த நிலையைத்தான் என்றால் ஒரு நாள் அந்தத் தண்ணீரில் நின்று பார்க்கட்டும். கட்டுப்பாடு இல்லாததெல்லாம் சுதந்திரம் ஆகிவிடாது. கட்டுப்பாட்டின் பங்கிலிருந்து ஒதுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பறியைப் பல்லில் கவ்விய பெண்ணுக்கும் இதழ் ஒட்டாது. அவளாலும் அந்த நேரத்தில் மீன் என்றோ பசி என்றோ சொல்ல முடியாது. சிவப்பிரகாசர் தாமே விரும்பி எடுத்துக்கொண்ட விதி அவள் மேல் விழுந்து கிடக்கிறது. அந்தாதியின் பெருமையைப் பேசும்போது இந்த இரண்டு நிரோட்டகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட்டால், நம் விமரிசனம் எதற்கு ஆகும்?

6

நான் வங்கிக் குமாஸ்தா. கட்டங்கள் என் ஜீவனம். கணக்கு ஆரம்பிக்கும் படிவத்தில் பெயருக்கென்று வரிசையாகச் சதுரங்கள் இருக்கின்றன. ஒரு சதுரத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில். முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வரிசை. குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத மீனவனுக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகிறது. ழகரத்துக்கு ஒரு ஆபீஸில் எல் என்று எழுதுவார்கள், இன்னொன்றில் இசட், எச் என்று இரண்டு சதுரம் செலவழிப்பார்கள். ஒரே மனிதன் ரேஷன் கார்டில் ஒரு நீளம், ஆதாரில் ஒரு நீளம், பாஸ்புத்தகத்தில் ஒரு நீளம்.

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்நாட்களுக்கு அரசு தரும் தொகை வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கின் பெயரும் அடையாள அட்டையின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவராவிட்டால் சிக்கல். ஆள் கவுண்டரில் நிற்கிறான். அவனைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் பின்னால் நிற்கிறார்கள். அவன் அவன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் கேட்டுக்கொள்ளப்படுவது குறுக்கெழுத்துக்காரன் கேட்கப்படுவதைத்தான்: இத்தனை கட்டம், இன்ன எழுத்து, சொல் என்ன? உன் பெயர் என்ன என்பதல்ல கேள்வி. உறைக்குள் உன் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பது.

பாட்டுக்கும் பாட்டுக்காரனுக்கும் வெளியே இப்படி ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் கேள்வி பிடிபடுகிறது. கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று கேட்பது அசட்டுத்தனம். மூன்று விஷயங்களைக் கேட்கலாம். கட்டத்தைப் போட்டவன் கட்டத்துக்குள் நிற்கிறானா? கட்டத்துக்குள் அடங்காமல் மிஞ்சுவது எங்கே போகிறது? பொருந்துவது ஒன்றுக்கு மேல் இருக்கும்போது தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? கலித்துறைப் புலவன் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவான். பாட்டுக் குப்பத்தான் முதல் கேள்விக்குச் சொல்வான், இரண்டாவதில் தடுமாறுவான். படிவம் அடித்தவன் மூன்றுக்கும் சொல்லமாட்டான், ஏனெனில் அவன் அங்கே இல்லை.

7

இன்று சொல் தேடுவதற்கு மூளை தேவையில்லை. நீளத்தையும் எழுத்துகளையும் கொடுத்தால் கணிப்பொறி நொடியில் பட்டியல் தந்துவிடுகிறது. எதுகைக்குச் சொல், மோனைக்குச் சொல், நிரோட்டகச் சொல், எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இதனால் கவிஞனுக்கு ஆபத்து என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை நாளும் தேடும் சிரமத்தையே சிருஷ்டி என்று காட்டிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் ஆபத்து. மூட்டையைத் தூக்கிவந்த களைப்பைக் காட்டி, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவிடாமல் செய்தவர்கள் அவர்கள். களைப்பு இப்போது செல்லாது.

யாப்பில் எழுதாதவர்களுக்கும் இதில் ஆறுதல் இல்லை. நம் புதுக்கவிதையிலும் எழுதாத விதிகள் உண்டு. எத்தனை வரி, எங்கே வரியை முறிப்பது, எந்தச் சொல் நவீனம், எது பழசு என்று நமக்குள்ளேயே ஒரு உறை ஒட்டிவைத்திருக்கிறோம். தனிமை, வெறுமை, நிழல் என்று மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ உள்ள சில சொற்கள் எந்தக் கட்டத்திலும் பொருந்திவிடுகின்றன. பொருந்திவிடுவதாலேயே அவற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

பட்டியல் எந்திரத்திடம் இருக்கட்டும். அது கடல், உடல், குடல், தேடல், திடல் என்று ஐந்தையும் ஒரே மரியாதையோடு தரும். அதற்கு ஐந்தும் ஒன்று. கடல் என்று எழுதினால் குடல் என்று எழுதவில்லை என்று அர்த்தம். அந்த எழுதாததற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவன் எந்த அளவுக்குள் வேண்டுமானாலும் எழுதட்டும்.